மிஸ்ஸி அக்கா பதில்கள்: பயந்தால் கரு கலையுமா?

போன இதழில் கர்ப்ப காலத்துச் சர்க்கரை பற்றி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதி சர்க்கரையைப் பற்றியே இல்லை. "ரத்தம் படுகிறது", "போன தடவை தங்கவில்லை", "ராத்திரி தூக்கமே இல்லை" என்றுதான் வந்தன. அதனால் இந்த மாதம் முழுக்க இதுதான். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் டாக்டர் இல்லை. மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தாய்சேய் நல கிளினிக்கில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். தோட்டத்தில் எல்லாரும் மிஸ்ஸி என்று கூப்பிட்டார்கள், பத்திரிகையும் அதையே வைத்துக்கொண்டது. எழுதியவர்களின் பெயர்களை எடுத்துவிட்டேன். சிலருக்கு ஊரையும் எடுத்துவிட்டேன். நம் பக்கத்தில் ஊரையும் வேலையையும் சொன்னால் போதும், ஆள் யார் என்று பாசாரில் அன்றைக்கே கண்டுபிடித்துவிடுவார்கள்.

*

கேள்வி: மிஸ்ஸி அக்கா, எனக்கு 31 வயது, அலுவலக வேலை. இதற்கு முன் இரண்டு தடவை கரு தங்கவில்லை. ஒன்று 8 வாரத்தில், ஒன்று 11 வாரத்தில். இப்போது 9 வாரம். போன செவ்வாய்க்கிழமை காலையில் ரத்தம் பட்டது. ஈப்போவுக்குப் போய் ஸ்கேன் எடுத்தோம். துடிப்பு இருக்கிறது, வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்கள் என்றார்கள். அதிலிருந்து பாத்ரூம் போகும் ஒவ்வொரு தடவையும் டிஷ்யூவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன். பாத்ரூம் போக வேண்டாமே என்று தண்ணீரைக் குறைத்துவிட்டேன். மார்பில் வலி கொஞ்சம் குறைந்தால் போதும், நெஞ்சு படபடக்கிறது. பார்மசியில் குச்சி வாங்கி இன்னும் இரண்டு கோடு விழுகிறதா என்று பார்க்கிறேன். அம்மா, மாமியார், அண்ணி எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "நீ இப்படிப் பயந்தா அது பிள்ளைக்கு ஆகாது." இப்போது பயப்படுவதற்கே பயமாக இருக்கிறது. என் பயமே இதையும் கலைத்துவிடுமா?

பதில்: கலைக்காது, தங்கச்சி. மேலே படிப்பதற்கு முன் இதை இரண்டு தடவை படித்துக்கொள்ளுங்கள். நீங்கள் பயப்படுவதால், அழுவதால், தூங்காமல் விழித்திருப்பதால் கரு கலையாது.

முதல் மூன்று மாதத்துக்குள் கலையும் கருக்களில் சுமார் பாதிக்குக் குரோமோசோம் கோளாறுதான் காரணம். கரு உருவாகும்போதே அந்தக் கணக்கு தப்பிவிடுகிறது. அதற்குப் பிறகு தாய் சிரித்தாலும் அழுதாலும் அது மாறாது. மற்றவற்றில் தைராய்டு, கட்டுக்கடங்காத சர்க்கரை, கர்ப்பப்பையின் அமைப்பு, ரத்தம் உறைவதில் உள்ள கோளாறு என்று சில காரணங்கள் உண்டு. சிலருக்குக் காரணமே பிடிபடாது. கிளினிக்கில் என் முன்னால் உட்கார்ந்து "அன்னைக்கு மோட்டார்ல போனேன் மிஸ்ஸி", "அன்னைக்கு அவரோட சண்டை போட்டேன் மிஸ்ஸி" என்று அழுத பெண்கள் நிறைய. மோட்டாரும் சண்டையும் இந்தப் பட்டியலில் இல்லை.

உங்கள் வீட்டில் சொல்கிறார்களே, "நீ பயந்தா பிள்ளைக்கு ஆகாது" என்று, அந்தப் பேச்சின் மேல் எனக்கு ரொம்ப நாள் கோபம். அன்பாகத்தான் சொல்கிறார்கள், தெரியும். ஆனால் பயம் என்ன கேட்டுக்கொண்டா வருகிறது? தானாக வந்த பயத்தைக் குற்றமாக்கி உங்கள் தலையில் வைத்துவிடுகிறார்கள். ஏற்கெனவே கருவைப் பற்றிய பயம் ஒன்று. அதன் மேல் பயத்தைப் பற்றிய பயம் இன்னொன்று. நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் "நான்தான் பயந்து பயந்து கெடுத்துக்கொண்டேன்" என்று ஒரு பெண் வருடக் கணக்கில் சுமப்பாள். சுமந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இனி யாராவது அப்படிச் சொன்னால் "மிஸ்ஸி அக்கா வேறு மாதிரி சொன்னாங்க" என்று இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். சண்டை என்னோடு போடட்டும்.

உங்கள் நிலைமையில் நம்பிக்கை வைக்கக் காரணம் இருக்கிறதா? இருக்கிறது. ஆரம்ப மாதங்களில் ரத்தம் படுவது நான்கு கர்ப்பத்தில் ஒன்றில் நடப்பதுதான். 2019ல் பிரிட்டனில் ஒரு பெரிய ஆய்வு வெளியானது. ஆரம்பத்திலேயே ரத்தம் பட்ட 4,000க்கும் அதிகமான பெண்களில் பாதிப் பேருக்குப் புரோஜெஸ்ட்ரோன் ஹார்மோன் மருந்தும் மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் பிள்ளை பெற்றார்கள். மொத்தமாகப் பார்த்தால் மருந்தால் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் முன்பே கரு கலைந்திருந்து இப்போது ரத்தமும் பட்டவர்களைத் தனியாகப் பார்த்தபோது மருந்துக்குப் பலன் தெரிந்தது. 2021லிருந்து பிரிட்டனில் இப்படிப்பட்ட பெண்களுக்கு அதைப் பரிந்துரைக்கிறார்கள். நீங்கள் அந்த வகைதான். ஏற்கெனவே கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை என்றால் அடுத்த தடவை டாக்டரிடம் "எனக்குப் புரோஜெஸ்ட்ரோன் தேவைப்படுமா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

அப்புறம் அந்த டிஷ்யூ. இதை நீங்கள் மட்டும்தான் செய்கிறீர்கள் என்று நினைக்க வேண்டாம். ஒரு தடவை இழந்தவர்களில் பலர் செய்வதுதான், வெளியில் சொல்வதில்லை. பார்க்காதே என்று நான் சொன்னால் நீங்கள் கேட்கப்போவதில்லை. அதனால் இப்படிச் செய்யுங்கள். ரத்தம் வருகிறதா என்று தெரிய பேட் வைத்துக்கொள்ளுங்கள், வந்தால் அதில் தெரியும். டிஷ்யூவை வெளிச்சத்தில் பிடிக்கும் வேலையை முதலில் ராத்திரியில் மட்டும் நிறுத்திப் பாருங்கள். குச்சியை இன்றோடு விடுங்கள். ஒன்பது பத்து வாரத்தில் அந்தக் கோடு மங்கினாலும் அடர்ந்தாலும் கருவைப் பற்றி எதுவும் சொல்லாது. மார்பு வலி ஒரு நாள் இருக்கும், ஒரு நாள் இருக்காது. துடிப்பு கேட்கும் கருவியை இணையத்தில் விற்கிறார்கள், அதை வாங்கவே வாங்காதீர்கள். இந்த வாரத்தில் பழகிய கைக்கே துடிப்பு சுலபமாக அகப்படாது. நீங்கள் ராத்திரி இரண்டு மணிக்குத் தேடிப் பார்த்து, கேட்கவில்லை என்று விடியும்வரை அழுவீர்கள். தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள். சிறுநீரில் கிருமி சேர்ந்தால் அது வேறு தொல்லை.

அடுத்த ஸ்கேன் எப்போது? தேதி இல்லை என்றால் கேட்டு வாங்குங்கள். "வலி வந்தால் வாங்க" என்று அனுப்பப்பட்ட பெண் ஒவ்வொரு நிமிடமும் வலியைத் தேடிக்கொண்டிருப்பாள். இத்தனாம் தேதி பார்க்கப்போகிறோம் என்றால் அதுவரை நாளைக் கடத்தலாம். பலமுறை கரு கலைந்தவர்களுக்கு நார்வே நாட்டில் அடிக்கடி சந்திப்பு, அடிக்கடி ஸ்கேன், பேச ஆள் என்று கூடுதல் கவனிப்புக் கொடுத்து, அவர்களில் அதிகமானோர் நல்லபடியாகப் பிள்ளை பெற்றதாக 1984லேயே எழுதினார்கள். அது சின்ன ஆய்வுதான், அதை வைத்து உறுதியாக எதையும் சொல்ல முடியாது. ஆனாலும் இன்றைக்கும் பல ஊர்களில் இப்படிப்பட்ட பெண்களை அப்படித்தான் பார்க்கிறார்கள். மனதுக்கு அதனால் கெடுதல் வராது.

பயம் கருவைக் கலைக்காது என்றேன். அதற்காகப் பயத்தைச் சும்மா விட்டுவிடலாம் என்று அர்த்தம் இல்லை. அது உங்களை வாட்டுகிறது, அதுவே வைத்தியம் பார்க்கப் போதுமான காரணம். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, வேலையில் மனம் நிற்கவில்லை, எதைப் பார்த்தாலும் அழுகை என்றால் கிளினிக்கில் சொல்லுங்கள். பத்துக் கேள்வி கொண்ட எடின்பர்க் படிவம் ஒன்று உண்டு. 1987ல் பிள்ளை பெற்ற பெண்களுக்காக உருவாக்கியது, இப்போது கர்ப்பிணிகளுக்கும் பயன்படுத்துகிறார்கள். வேறு படிவங்களும் உண்டு. எதைக் கொடுத்தாலும் உண்மையை எழுதுங்கள். மிஸ்ஸி என்ன நினைப்பார் என்று நல்ல பிள்ளையாக எல்லாவற்றுக்கும் "இல்லை" போட்டுவிட்டு, வாசலில் நின்று அழும் பெண்கள்தான் எங்களுக்குக் கவலை. மலாயில் சொல்ல வாய் வரவில்லையா? வீட்டிலேயே ஒரு தாளில் எழுதி, கிளினிக்கில் கொடுத்த பிங்க் நிறக் கர்ப்பப் புத்தகத்துக்குள் வைத்து நீட்டிவிடுங்கள்.

ஒரு மணி நேரத்தில் பேட் முழுதும் நனைவது, பெரிய கட்டிகளாகப் போவது, கடுமையான வயிற்று வலி, தோள்பட்டை நுனியில் வலி, மயக்கம், காய்ச்சல். இதில் ஒன்று வந்தாலும் யோசிக்க வேண்டாம், நேராக மருத்துவமனை.

*

கேள்வி: மிஸ்ஸிக்கு வணக்கம். என்னை உங்களுக்குத் தெரியும், பழைய ஆள். மருமகளுக்கு மூன்றாம் மாதம், ரத்தக் கசிவு இருக்கிறது. நான் கட்டிலை விட்டு இறங்க விடுவதில்லை. காலுக்கடியில் தலையணை வைத்து, சாப்பாடு கையில் கொடுக்கிறேன். அன்னாசி, பப்பாளி, எள் வீட்டுக்குள்ளேயே வராது. இவ்வளவு செய்தும் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுகிறாள், இல்லாவிட்டால் கைப்பேசி. நான் எட்டு மாதம் வரைக்கும் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவினேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மனத் தெம்பே இல்லையா? (லிந்தாங்)

பதில்: அம்மா, உங்கள் பாசத்தில் குறை சொல்ல மாட்டேன். கையில் சாப்பாடு கொடுக்கும் மாமியார் எத்தனை பேருக்குக் கிடைப்பார்? ஆனால் உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. எட்டு மாதம் வரை தோளில் காண்டா வாளி தூக்கி, மேடு பள்ளம் ஏறி மரம் சீவினேன் என்கிறீர்கள், பிள்ளை தங்கியது. மருமகளைக் கட்டிலை விட்டு இறக்கினால் கலைந்துவிடும் என்றும் சொல்கிறீர்கள். இரண்டும் எப்படி ஒத்துப்போகும்?

படுத்தே கிடப்பதால் கரு கலைவது குறையும் என்பதற்கு ஆதாரம் இல்லை. இதுபற்றி நடந்த ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து 2005லேயே பார்த்துவிட்டார்கள். வாரக் கணக்கில் படுத்திருந்தால் காலில் ரத்தம் கட்டலாம், உடம்பு தளரும், மலச்சிக்கல் வரும். எல்லாவற்றுக்கும் மேலே மனம் கெடும். பகலெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டு அடிவயிற்றில் என்ன நடக்கிறது என்று காத்திருப்பதைத் தவிர அவளுக்கு வேறு வேலை இல்லையே. நீங்கள் கொடுத்திருப்பது ஓய்வு, அவளுக்கு அது காவல்.

டாக்டர் குறிப்பாகப் படுக்கச் சொல்லியிருந்தால் எத்தனை நாள், எதற்காக என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அப்படி ஒன்றும் சொல்லவில்லை என்றால் எழுப்பிவிடுங்கள். வீட்டுக்குள் நடக்கட்டும், குளிக்கட்டும், உங்களோடு உட்கார்ந்து கீரை ஆயட்டும். சாயங்காலம் வாசலில் ஐந்து நிமிடம் நிற்கட்டும். பாரம் தூக்குவதும் தாம்பத்தியமும் ரத்தம் நிற்கும் வரை வேண்டாம், அவ்வளவுதான். தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை மட்டும் வேறு கதை. பராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு 2020லிருந்து இந்த நாட்டில் தடை, ஆனால் மற்றப் பூச்சி மருந்தும் களைக்கொல்லியும் இருக்கின்றன. கர்ப்பிணி அந்தப் பக்கமே போகக் கூடாது, அந்தத் துணியைத் துவைக்கவும் கூடாது.

பப்பாளிக் காயை ஒதுக்குங்கள், நல்லதுதான். பழுத்த பப்பாளியும் இரண்டு துண்டு அன்னாசியும் கருவைக் கலைத்ததை நான் கண்டதில்லை. வீட்டு வழக்கம் என்றால் வைத்துக்கொள்ளுங்கள், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஒரு வேளை தெரியாமல் சாப்பிட்டுவிட்டாள் என்றால் அதைச் சொல்லிக்காட்டாமல் இருங்கள், அது போதும்.

மனத் தெம்பு பற்றிக் கேட்டீர்கள். நம் காலத்துப் பெண்கள் அழவில்லையா? நிரையில் மரத்துக்குப் பின்னால் நின்று அழுதார்கள், கிராணி வருவதற்குள் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். உங்கள் மருமகள் உங்கள் முன்னாலேயே அழுகிறாள். உங்களை நம்புகிறாள் என்றுதான் எனக்குப் படுகிறது.

*

கேள்வி: கிளினிக்கில் என் புத்தகத்தில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார்கள். போன தடவை வெள்ளை. மஞ்சள் என்றால் குழந்தை தங்காது என்று அர்த்தமா? வீட்டில் யாரிடமும் காட்டவில்லை. (ஜாலோங்)

பதில்: இல்லவே இல்லை. அந்த நிறம் பிள்ளையின் ஜாதகம் கிடையாது. உங்களை யார் பார்க்க வேண்டும் என்பதற்கான அடையாளம். வெள்ளை என்றால் தாதியே பார்க்கலாம், பச்சை என்றால் கிளினிக் டாக்டர், மஞ்சள் என்றால் மருத்துவமனையில் மகப்பேறு மருத்துவரோ கிளினிக்கில் குடும்ப நல நிபுணரோ பார்க்க வேண்டும், சிவப்பு என்றால் உடனே மருத்துவமனை. உங்களைப் பெரிய டாக்டர் கவனிக்கப்போகிறார், அவ்வளவுதான் செய்தி. ஒட்டும்போதே இதை ஒரு வரியில் சொல்லியிருந்தால் நீங்கள் இந்தக் கடிதம் எழுதியிருக்க மாட்டீர்கள். வேலையில் இருக்கும் தங்கைமார்கள் யாராவது இதைப் படித்தால் கவனித்துக்கொள்ளுங்கள். புத்தகத்தை வீட்டுக்காரரிடம் காட்டுங்கள். ராத்திரியில் அவசரம் என்றால் அதைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியவர் அவர்தான்.

*

கேள்வி: அக்கா, நான் செம்பனைக் குலை லோரி ஓட்டுகிறேன். போன வருடம் பத்து வாரத்தில் எங்களுக்குக் கலைந்துவிட்டது. இப்போது மனைவிக்கு மறுபடி 7 வாரம். சந்தோஷமே இல்லை. பெயர் பேசினால் எழுந்து போய்விடுகிறாள். சிரிக்க வைக்கலாம் என்று பேசினால் அழுகிறாள். பேசாமல் இருந்தால் "உங்களுக்குக் கவலையே இல்லை" என்கிறாள். நான் என்னதான் செய்வது? (சுங்கை சிப்புட்)

பதில்: தம்பி, ஆண்கள் எழுதுவது அபூர்வம். எழுதியதற்கு முதலில் நன்றி.

போன வருடம் நடந்தது முடிந்துவிட்டது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அவளுக்கு முடியவில்லை. லண்டன் மருத்துவமனைகளில் ஆரம்ப மாதங்களில் கருவை இழந்த பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2020ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு மாதம் கழித்து 100க்கு 29 பேரிடம், விபத்தில் மாட்டியவர்களுக்கு வருவது போன்ற அதிர்ச்சி அறிகுறிகள் இருந்தன. கெட்ட கனவு, நடந்தது கண்முன்னால் திரும்பத் திரும்ப வருவது, அந்த இடத்தையே தவிர்ப்பது என்று. ஒன்பது மாதம் கழித்தும் 18 பேருக்கு அது போகவில்லை. பத்து வாரம்தானே என்று வெளியாள் சொல்லலாம். அவள் அந்தப் பத்து வாரத்தில் பள்ளிக்கூடம் வரை அனுப்பிப் பார்த்திருப்பாள்.

அதனால் இப்போது சந்தோஷப்படப் பயப்படுகிறாள். பெயர் வைத்தால் இழக்கும்போது அந்தப் பெயரோடு இழக்க வேண்டுமே. கொஞ்ச நாள் பெயர் பேச்சை நிறுத்துங்கள். சிரிக்க வைப்பதையும் நிறுத்துங்கள். "எல்லாம் நல்லா நடக்கும்" என்றும் சொல்ல வேண்டாம், அது உங்களுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. "எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். உங்கள் கடிதத்தில் அது வரிக்கு வரி இருக்கிறது, அவளிடம் மட்டும் சொல்லவில்லை. உங்களுக்குக் கவலையே இல்லை என்று அவள் நினைப்பதற்கு அதுதான் காரணம்.

கையால் செய்யக்கூடியதும் இருக்கிறது. ஸ்கேன் நாளில் லோரி எடுக்காதீர்கள், கூடப் போங்கள். போன தடவை கெட்ட செய்தி கேட்ட அதே இடம் என்றால் உள்ளே நுழையும்போதே அவளுக்குக் கை நடுங்கும். "போன தடவை எங்களுக்கு இங்கேதான் தெரிந்தது, துடிப்பு தெரிந்ததும் முதலில் அதைச் சொல்லுங்கள்" என்று முன்கூட்டியே நீங்கள் சொல்லிவிடுங்கள். பல பேர் அளவெல்லாம் எடுத்து முடித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்கள். அந்த மௌனம் எவ்வளவு நீளம் என்று படுத்திருப்பவளுக்குத்தான் தெரியும். உங்கள் அம்மா, அவள் அம்மா, அக்கம்பக்கம் "ஏதாவது விசேஷம் உண்டா, இந்தத் தடவையாவது தங்கிச்சா" என்று கேட்டால் பதில் சொல்வது உங்கள் வேலை. அவள் சொல்ல வேண்டியதில்லை.

நீங்களும் யாரிடமாவது பேசுங்கள். இழந்தது உங்கள் பிள்ளையும்தான். தூக்கம் கெட்டு மலையில் லோரி ஓட்டுவதைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டுமா?

*

கேள்வி: போன தடவை 18 வாரத்தில் இழந்தபோது மனச்சோர்வு என்று செர்ட்ராலின் கொடுத்தார்கள், நன்றாக இருந்தேன். இப்போது கர்ப்பம் தெரிந்ததும் பயந்துபோய் நானே நிறுத்திவிட்டேன். மூன்று வாரமாகத் தலைசுற்றல், எரிச்சல். சில நேரம் நான் இல்லாமல் போனால் எல்லாருக்கும் நிம்மதி என்று தோன்றுகிறது. வெளியே சொன்னால் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயம்.

பதில்: நீங்கள் முகவரி எழுதியிருந்ததால் பத்திரிகை வழியாக உங்களிடம் ஏற்கெனவே பேசிவிட்டேன். இதே நிலையில் இன்னும் சிலர் இருப்பீர்கள், அவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன்.

சேட்டை செய்தால் "தஞ்சோங் ரம்புத்தான்ல கொண்டுபோய் விட்டுடுவேன்" என்று மிரட்டியே வளர்க்கப்பட்டவர்கள் நாம். அங்கே இருக்கும் மனநல மருத்துவமனை 1911லிருந்து இருக்கிறது, நம் ஊருக்கும் ஈப்போவுக்கும் பக்கத்திலேயே இருப்பதால் இந்தப் பயம் நமக்குக் கூடுதல். உண்மையில் மனச்சோர்வுக்கு வைத்தியம் பார்ப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் எங்கேயும் தங்குவதில்லை. கிளினிக்கில் குடும்ப நல நிபுணரையோ பெரிய மருத்துவமனையில் மனநல மருத்துவரையோ பார்த்துவிட்டு, மாத்திரை வாங்கிக்கொண்டு, வழியில் பாசாருக்கும் போய்விட்டு வீடு திரும்புகிறார்கள்.

செர்ட்ராலின் கர்ப்ப காலத்தில் அதிகம் பயன்படுத்தப்படும் மனச்சோர்வு மாத்திரைகளில் ஒன்று. தொடர்வதா, அளவை மாற்றுவதா என்று டாக்டர் உங்களோடு பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். திடீரென்று நிறுத்தினால் நீங்கள் எழுதியிருக்கும் தலைசுற்றலும் எரிச்சலும் வரும், பழைய சோர்வும் திரும்பும். கவனிக்காமல் விட்ட கடுமையான மனச்சோர்வுக்கும் குறைமாதப் பிரசவத்துக்கும் தொடர்பு இருக்கிறது, அதனால் நிறுத்துவதுதான் பத்திரம் என்று நினைத்துவிடக் கூடாது. எல்லா மாத்திரையும் ஒன்று இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். வால்ப்ரோயேட் போன்றவை கர்ப்பத்துக்கு ஆகாது. அதைச் சாப்பிடுபவர்கள் கர்ப்பமாகத் திட்டமிடும்போதே டாக்டரிடம் சொல்ல வேண்டும், ஏற்கெனவே கர்ப்பம் என்றால் இன்றைக்கே போய்ப் பார்க்க வேண்டும், தானாக நிறுத்தக் கூடாது.

"நான் இல்லாமல் போனால்" என்ற எண்ணம் வந்துவிட்டால் அடுத்த சந்திப்புத் தேதி வரை காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே சொல்லுங்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான ஹீல் 15555, பிஃபிரெண்டர்ஸ் அமைப்பின் கோலாலம்பூர் எண் 03-7627 2929. உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் 999, இல்லாவிட்டால் பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவு. போலீஸ் வருமோ என்று இன்னும் சிலர் பயப்படுகிறார்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309வது சட்டப்பிரிவு 2023ல் நீக்கப்பட்டுவிட்டது. அப்படி ஓர் எண்ணம் வருகிறது என்று டாக்டரிடம் சொல்வது அதற்கு முன்பும் குற்றமாக இருந்ததில்லை.

*

கேள்வி: தொழிற்சாலையில் வேலை. 14 வாரத்தில் கலைந்தது. பிரசவ விடுப்பு 98 நாள் கேட்டேன், கிடையாது என்கிறார்கள். சரியா? (ஈப்போ)

பதில்: சரிதான், வருத்தமாக இருந்தாலும். 2023 ஜனவரியிலிருந்து 98 நாள் ஆனது, ஆனால் சட்டப்படி 22 வாரமாவது ஆன கர்ப்பத்துக்குத்தான் அது பொருந்தும். அதற்கு முன் இழந்தால் எம்சி, அதாவது மருத்துவ விடுப்புதான். வேலைக்குச் சேர்ந்த காலத்தைப் பொறுத்து வருடத்துக்கு 14, 18 அல்லது 22 நாள், மருத்துவமனையில் தங்க வேண்டி வந்தால் அதற்கு 60 நாள் வரை. உடம்பு தேறியும் மனம் தேறவில்லை என்றால் அதற்கும் டாக்டர் எம்சி தரலாம். கேட்கக் கூச்சப்பட வேண்டாம். எம்சி கொடுத்தும் சம்பளத்தில் கைவைத்தால் தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள்.

*

கேள்வி: மூன்று மாதம் முடியும்வரை யாரிடமும் சொல்லக் கூடாது என்கிறார்கள். ஆனால் எனக்கு யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருக்கிறது.

பதில்: கண் படும் என்பதற்காகவோ, நாளைக்கு எல்லாருக்கும் பதில் சொல்ல வேண்டுமே என்பதற்காகவோ ஊர் முழுக்கச் சொல்லாமல் இருக்கலாம். ஒருவரிடமாவது சொல்லுங்கள். தங்கவில்லை என்றால் யாரிடம் போய் அழுவீர்களோ அவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். வாட்ஸாப் குழுவில் வேண்டாம்.

*

கேள்வி: அம்மா கோவிலில் மந்திரித்த கயிறு இடுப்பில் கட்டியிருக்கிறார்கள். ஸ்கேன் எடுக்கும்போது கழற்ற வேண்டுமா? கழற்றினால் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். பொமோ (மலாய் மந்திர வைத்தியர்) கொடுத்த ஜாமு என்ற மூலிகை மருந்தும் குடிக்கச் சொல்கிறார்கள்.

பதில்: கழற்ற வேண்டாம். ஸ்கேன் என்பது ஒலி அலை, கயிறால் அதற்கு இடைஞ்சல் இல்லை. வயிற்றில் ஜெல் தடவும்போது கொஞ்சம் மேலே நகர்த்திக்கொள்ளுங்கள், நனையாது. தாதி முறைத்தால் "அம்மா கட்டியது" என்று சொல்லுங்கள், அவர் வீட்டிலும் ஓர் அம்மா இருப்பார். ஜாமு மட்டும் வேண்டாம். அதில் என்னென்ன வேர் போட்டிருக்கிறார்கள் என்று பாட்டிலில் எழுதியிருக்காது. கீழே கொட்ட மனமில்லை என்றால் பாட்டிலோடு கிளினிக்குக்கு எடுத்துப்போய்க் காட்டுங்கள், அங்கே சொல்வார்கள்.